பட்டைக் கஷாயமும் டிஎன்ஏவும்

அன்புள்ள ஐயா,

நீர்மருதுப் பட்டை டிஎன்ஏ சிதைவதைத் தடுக்கும் என்று ஆய்வில் நிரூபித்துவிட்டார்களாம். வாட்ஸ்அப்பில் வந்தது. அப்பா தினமும் கஷாயம் வைத்துக் குடிக்கிறார். இனி பிரஷர் மாத்திரை எதற்கு என்கிறார். அந்த ஆய்வு உண்மைதானா?

எஸ்., தக்கலை

அன்புள்ள எஸ்.,

முதலில், மாத்திரையை நிறுத்த விடாதீர்கள். கஷாயம் குடிப்பதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த மாதிரி ஆய்வுகள் பொய்யில்லை. ஆனால் நடப்பது சோதனைக்குழாயில். பாக்டீரியாவிலிருந்து எடுத்த வட்ட வடிவ டிஎன்ஏவோடு இரும்பு உப்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்ப்பார்கள். அதில் பிறக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்னும் மூர்க்கமான துகள், முறுக்கிக் கிடக்கும் டிஎன்ஏவின் இழையை அறுக்கும். ஓர் இழை அறுந்தாலே முறுக்கு தளர்ந்துவிடும். அகரோஸ் ஜெல் என்னும் கூழ்ப்பலகையில் டிஎன்ஏவை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் முறுக்குள்ளது முன்னால் ஓடும், தளர்ந்தது பின்தங்கும். பட்டைச்சாறு சேர்த்த குழாயில் முன்னால் ஓடும் கோடு அழியாமல் இருந்தால், ‘டிஎன்ஏவைக் காத்தது’ என்று எழுதுவார்கள். அவ்வளவுதான்.

காத்தது பெரும்பாலும் பட்டையிலுள்ள டானின் போன்ற பாலிஃபினால்கள் என்னும் தாவரப் பொருள்கள். நம் நாக்குக்கு அது துவர்ப்பு. பூஞ்சையும் பூச்சியும் அண்டாமலிருக்க மரம் தனக்காகச் சேர்த்து வைப்பது. நைலான் வருவதற்கு முன்பு, பருத்தி வலை மக்காமலிருக்கத் துவர்ப்புச் சாயத்தில் ஊறப்போட்டதும் இதற்காகத்தான். ரேடிக்கலை அடக்கும் சோதனையில் நாம் குடிக்கும் கட்டஞ்சாயாவும் நல்ல மார்க் வாங்கும். சாயாவுக்கு யாரும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவதில்லை!

குழாயில் நேராக டிஎன்ஏமேல் ஊற்றுகிறார்கள். வயிற்றுக்குள் போனால் கதை வேறு. பெரிய டானின் மூலக்கூறுகள் ரத்தத்தில் அப்படியே சேர்வதில்லை. குடல் பாக்டீரியா உடைத்த துண்டுகள்தான் கொஞ்சம் சேரும். இப்படி ரேடிக்கலை அடக்கும் ஆன்டிஆக்சிடன்ட் என்றாலே நல்லது என்றும் இல்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994-ல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்.

மருதம்பட்டையை வைத்தியர்கள் நெடுங்காலமாக இதய நோய்க்குக் கொடுத்து வருகிறார்கள். அதை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். ஆனால் ஆளைப் பார்த்து, அளவு சொல்லிக் கொடுக்கிற வைத்தியர் வேறு, செய்தியைப் பார்த்து அடுப்பில் வைக்கிற கஷாயம் வேறு. போதாக்குறைக்கு, சாப்பாட்டோடு குடித்தால் துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம், அப்பா பட்டையைக் கடையில் வாங்குகிறாரா, ஆற்றங்கரை மரத்தில் உரிக்கிறாரா? உரிப்பதென்றால் சுற்றிலும் உரிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இலையில் ஆகும் உணவு உள்பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. வளையமாக எடுத்தால் மரம் பட்டுப்போகும்.