புது பெயிண்ட் அடித்த பழைய ஃபைபர் படகு: உள்ளே தண்ணீர் கோத்திருக்கிறதா?

கேள்வி: குளச்சலில் 28 அடி ஃபைபர் படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. சுனாமிக்கு அடுத்த வருடம் கட்டியதாம். இப்போதுதான் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், பார்க்கப் பளபளவென்று இருக்கிறது. ஆனால் இதே அளவுள்ள மற்ற படகுகளைவிடப் பின்பக்கம் தாழ்ந்து மிதக்கிறது. உள்ளே பலகை இற்றுப்போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. எப்படிச் சோதிப்பது?

பதில்: பின்பக்கம் தாழ்வதைக் கவனித்தது நல்லது. இருபது வருடப் படகு, அதில் புது பெயிண்ட், கூடவே இந்தத் தாழ்வு. மூன்றும் சேர்ந்தால் நானும் சந்தேகப்படுவேன்.

ஃபைபர் இற்றுப்போகாது, ஆனால் அதற்குள்ளே மரம் இருக்கிறது. அவுட்போர்டு இன்ஜினை வெளிப்பக்கம் மாட்டும் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட்தான். இன்ஜின் போல்ட், திருகு என்று அதில் எங்கெல்லாம் துளை இருக்கிறதோ அங்கெல்லாம் தண்ணீருக்கு வழி இருக்கிறது. கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர் மோசம். மரத்தை இற்றுப்போக வைக்கும் பூஞ்சையை உப்பு ஓரளவு தடுக்கும், மழைத் தண்ணீரில் அந்தத் தடை இல்லை. அதனால் மழைக்காலத்தில் படகு கரையில் மூடாமல் கிடந்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள்.

படகைக் கரையேற்றி, முன்பக்கத்தை உயர்த்திவைத்து, வடிகால் அடைப்பைக் கழற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையிலும் சொட்டிக்கொண்டிருந்தால் எங்கோ தண்ணீர் தேங்கியிருக்கிறது.

அப்புறம் பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, பின்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கெட்டியாகக் கேட்கும். இற்ற இடத்தில் ‘தொப்’ என்று அடங்கிப்போகும். முதலில் நல்லது என்று தெரிந்த இடத்தில் தட்டிக் காதைப் பழக்கிக்கொண்டால் வித்தியாசம் தெளிவாகப் பிடிபடும். இன்ஜின் மாட்டியிருந்தால் அதன் கால்பகுதியைப் பிடித்து மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். பலகை அசையவே கூடாது. மூலைகளில் பெயிண்டுக்கு மேல் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

ஈரமானி (உள்ளே எவ்வளவு ஈரம் என்று காட்டும் கருவி) வைத்திருப்பவர் கிடைத்தால் பயன்படுத்தலாம், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளே உலோகம் இருந்தாலும், மேலே ஈரம் இருந்தாலும், சில வகைப் பெயிண்டாலும் அது தப்பாகக் காட்டும்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் துளை போட்டுப் பார்ப்பதுதான் வழி. விற்பவரிடம் அனுமதி வாங்கி, படகின் உள்பக்கமிருந்து, பின்பலகையின் அடிப்பகுதியில் 4 மி.மீ. துளை இரண்டு மூன்று போடுங்கள். வெளித்தோலைத் துளைத்துவிடாதபடி டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். வரும் தூளை உள்ளங்கையில் வாங்கிப் பாருங்கள். வெளிர் நிறத்தில் உலர்ந்து உதிர்ந்தால் நல்ல மரம். கறுத்து, பிசுபிசுத்து, நனைந்த சாக்கு நாற்றம் அடித்தால் போச்சு. இப்படி ஒரு படகில் நான் இன்ஜின் போல்ட்டைக் கழற்றியபோது துளையிலிருந்து வரக்காப்பி நிறத்தில் தண்ணீர் ஒழுகியது. ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டேன், கைப்பிடி வரை இறங்கியது. வெளியே ஒரு கீறல்கூட இல்லாத படகு அது.

அடுத்தது மிதவை அறைகள். இதை யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் என் கவலை. இருக்கைக்கும் தளத்துக்கும் அடியில் அடைத்த ஃபோம், வருடக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் தண்ணீரைக் குடித்துவிடும். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. 100 லிட்டர் குடித்திருந்தால் 100 கிலோ சுமையை ஒவ்வொரு நாளும் கடலுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிறீர்கள். டீசலோ பெட்ரோலோ வீணாவது ஒருபக்கம் இருக்கட்டும், படகில் தண்ணீர் ஏறினால் உங்களை மிதக்கவைக்க வேண்டிய ஃபோம் அது. அறையின் அடிப்பக்கத்தில் சின்னத் துண்டு வெட்டியெடுத்துப் பிழிந்து பாருங்கள். மேல்பகுதி காய்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நனைந்த ஃபோம் வெயிலில் வைத்தால் காயும் என்பார்கள். மூடிய அறைக்குள் அது காயாது, வெட்டியெடுத்துப் புதிதாக அடைக்கத்தான் வேண்டும்.

போட்ட துளைகளை அன்றே எபாக்ஸிப் பசை வைத்து அடைத்துவிடுங்கள். துளை போட விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், பின்பலகை மாற்றும் செலவை உள்ளூர் ஃபைபர் மேஸ்திரியிடம் விசாரித்து, அதைக் கழித்து விலை பேசுங்கள். அதற்கும் ஒத்துவரவில்லை என்றால் வேறு படகு பாருங்கள்.