தலைக்குக் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்து வருஷங்கள் ஆன பிறகு: கேள்வி பதில்

பதில் சொல்பவர்: வேலூரில் கதிர்வீச்சுப் பிரிவில் வேலை பார்த்த செவிலியர்

குடியாத்தம் வாசகர்: அப்பாவுக்கு மூளைக்கட்டி எடுத்து, 30 நாள் கரண்ட் வைத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஸ்கேனில் அதே இடம் வெள்ளையாகத் தெரிகிறதாம். கட்டி திரும்பிவிட்டதா?

அப்படி உடனே முடிவு கட்டிவிடாதீர்கள், தம்பி. கதிர் பட்ட இடத்தில் சின்ன ரத்தக்குழாய்கள் மெல்லக் கெட்டு, சுற்றியுள்ள திசு செத்துப்போவதுண்டு. நெக்ரோஸிஸ் என்பார்கள். ஆறு மாதத்திலிருந்து இரண்டு மூன்று வருஷத்துக்குள் தலைகாட்டுவதுதான் அதிகம்; அதற்கு அப்புறமும் வரலாம். மருந்து ஏற்றி எடுக்கும் எம்ஆர்ஐயில் இதுவும் கட்டியும் ஒரே மாதிரி தெரியும், அதுதான் சிக்கல். ரத்த ஓட்டத்தைக் காட்டும் பெர்ஃப்யூஷன் எம்ஆர்ஐ, திசு எவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கிறது என்று காட்டும் பெட் (PET) ஸ்கேன் எடுத்துப் பிரித்துப் பார்ப்பார்கள். சிலருக்குச் சதை எடுத்துப் பார்த்தால்தான் தெளிவாகும். இரண்டும் கலந்திருப்பதும் உண்டு. நெக்ரோஸிஸ் என்றால் வீக்கம் வடிய டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து, அதற்கும் அடங்காவிட்டால் பெவாசிசுமாப் ஊசி, சிலருக்கு ஆபரேஷன். பழைய ஸ்கேன் சிடி ஒன்றுவிடாமல் கொண்டுபோங்கள். முன்பு எடுத்ததோடு ஒப்பிடாமல் யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

ஆம்பூர் வாசகி: வீட்டுக்காரருக்கு அந்த டெக்ஸா மாத்திரையால் முகம் ஊதி, சர்க்கரை ஏறிவிட்டது. நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது, அக்கா. பல வாரம் சாப்பிட்டவருக்கு உடம்பு சொந்தமாக ஸ்டீராய்டு சுரப்பதைக் குறைத்திருக்கும். சட்டென்று விட்டால் வாந்தி, மயக்கம், பிரஷர் இறங்குவது என்று ஆபத்தாகும். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அரக்கோணம் வாசகி: பையனுக்கு 5 வயதில் வைத்தது. இப்போது 11. வகுப்பிலேயே குட்டை. படிப்பும் மந்தம், சோம்பேறி என்று வாத்தியார் திட்டுகிறார்.

அவன் சோம்பேறி இல்லை, அம்மா. பலகையில் எழுதியதை அவன் பாதி எழுதுவதற்குள் வாத்தியார் அழித்திருப்பார். கதிர் பட்ட பிள்ளைகளுக்கு மூளை வேலை செய்யும் வேகமும் ஞாபகமும் குறையலாம். ஆஸ்பத்திரியில் மனவளர்ச்சிப் பரிசோதனை செய்து, தேர்வில் கூடுதல் நேரம் தரச் சொல்லிச் சான்று கேளுங்கள். குட்டையாக இருப்பதற்குக் காரணம் மூளைக்கு அடியில் ஹார்மோன் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியாக இருக்கலாம். கதிரில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் வளர்ச்சி ஹார்மோன்தான். தைராய்டு, கார்டிசோல் ஹார்மோன்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பருவ வயது தாண்டி எலும்பு வளரும் பகுதி மூடிக்கொண்டால் உயரத்துக்கு வழியில்லை. தள்ளிப்போடாதீர்கள்.

வாணியம்பாடி வாசகர்: எனக்குப் பத்து வருஷம் ஆகிவிட்டது. இனி பயமில்லைதானே?

பயப்பட வேண்டாம், ஆனால் செக்கப்பை விடாதீர்கள். பக்கவாதம், வலிப்பு, கண்புரை, அபூர்வமாக மூளையைச் சுற்றியுள்ள உறையில் மெனிஞ்சியோமா என்ற வேறு கட்டி இவையெல்லாம் காலம் கடந்தும் வரலாம். பிரஷரைக் கட்டுக்குள் வையுங்கள், பீடி சிகரெட் வேண்டாம். கரண்ட் வைத்தது வேலூரில் என்றாலும், திடீரென்று கை கால் இழுத்தால் முதலில் ஓடுவது பக்கத்து டாக்டரிடம்தான். எந்த வருஷம், தலையில் எந்த இடம், எத்தனை கிரே (கதிரின் அளவு) என்று எழுதிய தாளின் நகல் ஒன்று எப்போதும் உங்கள் பையில் இருக்கட்டும்.