பாண்டா தீவுகள் முதல் ஹைட்டி வரை: காலனியாதிக்கம் பற்றிய கேள்வி பதில்

ஐரோப்பியக் காலனியாதிக்கம் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் 'இந்தச் சொல்லுக்கு விளக்கம் என்ன' என்ற வகைக் கேள்விகள். விளக்கத்தை மனப்பாடம் செய்து பயனில்லை. நிலம் யார் கைக்குப் போனது, வேலை செய்தது யார், அதற்கு எந்தக் காகிதத்தைக் காட்டினார்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டுப் பாருங்கள். சொல்லும் விளங்கும், அதற்குப் பின்னால் நடந்ததும் விளங்கும்.

சார், காலனியாதிக்கம், ஏகாதிபத்தியம் இரண்டும் ஒன்றுதானா? பாடப்புத்தகத்தில் மாற்றி மாற்றி வருகிறது.

ஒன்றல்ல. இன்னொருவர் மண்ணைப் பிடித்து, தன் அதிகாரிகளையோ குடியேறிகளையோ அங்கே வைத்து ஆள்வது காலனியாதிக்கம். ஏகாதிபத்தியம் அதைவிட அகலமானது, ஆளாமலேயே ஆட்டி வைப்பதும் அதில் அடங்கும்.

சீனாவைப் பாருங்கள். முதல் அபினிப் போரில் பிரிட்டனிடம் தோற்ற சிங் (Qing) வம்ச அரசு 1842-இல் நான்கிங் உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது. ஹாங்காங் தீவு பிரிட்டனுக்குப் போனது, ஐந்து துறைமுகங்களை வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிட வேண்டியதாயிற்று. தொடர்ந்து வந்த ஒப்பந்தங்கள் இறக்குமதி வரியை ஏறத்தாழ 5 சதவீதத்தில் கட்டிப்போட்டன. சொந்த நாட்டுக்குள் வரும் சரக்குக்கு எவ்வளவு வரி போடலாம் என்பதைச் சீனா முடிவு செய்ய முடியாது! 1863 முதல் சீனச் சுங்கத் துறையின் தலைமைப் பதவியில் இருந்தவர் அயர்லாந்தில் பிறந்த ராபர்ட் ஹார்ட். பேரரசர் அரியணையில்தான் இருந்தார். சீனா முழுக்கக் காலனி ஆகவில்லை, ஆனால் ஏகாதிபத்தியத்தின் பிடியில் இருந்தது.

வியாபாரம் செய்ய வந்த கம்பெனி எப்படி ஊரையே ஆள முடிந்தது? யார் அனுமதி கொடுத்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1602-இல் நெதர்லாந்தின் நாடாளுமன்றம் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு சாசனம் கொடுத்தது. நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கே டச்சுக்காரர்களில் வேறு யாரும் வியாபாரம் செய்யக்கூடாது. அதோடு, கோட்டை கட்டலாம், படை வைத்துக்கொள்ளலாம், அங்குள்ள அரசர்களோடு ஒப்பந்தம் போடலாம், போரும் நடத்தலாம். பங்குதாரர்களுக்கு லாபம் தரவேண்டிய ஒரு நிறுவனத்தின் கையில் அரசின் வாளையே கொடுத்துவிட்டார்கள். பட்டயக் கம்பெனி என்று புத்தகங்களில் வருவது இதுதான்.

அந்த வாள் எங்கே விழுந்தது என்று பார்க்க இந்தோனேசியாவின் பாண்டா தீவுகளுக்குப் போகவேண்டும். மிகச் சிறிய தீவுக்கூட்டம். அந்தக் காலத்தில் உலகத்துக்கே ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் அங்கிருந்துதான் வந்தன. ஜாதிக்காயை எங்களுக்கு மட்டும்தான் விற்கவேண்டும் என்று ஊர்ப்பெரியவர்களிடம் கம்பெனி ஒப்பந்தம் வாங்கிக்கொண்டது. ஆனால் பாண்டாவில் அரிசி விளையாது. ஜாவா, மலாய் வணிகர்கள் கொண்டுவரும் அரிசியையும் துணியையும் நம்பித்தான் அடுப்பு எரிந்தது. அவர்களுக்கு ஜாதிக்காய் கொடுக்காமல் எப்படி இருப்பது? கொடுத்தார்கள். கம்பெனி அதை ஒப்பந்த மீறல் என்றது.

1621-இல் தலைமை ஆளுநர் யான் பீட்டர்ஸூன் கூன் படையோடு வந்து இறங்கினார். பிடிபட்ட தலைவர்கள் 44 பேரைக் கோட்டைக்கு வெளியே மூங்கில் அடைப்புக்குள் நிறுத்தி, கூலிக்கு வந்திருந்த ஜப்பானிய வீரர்களைக் கொண்டு வெட்டிக் கொன்றார்கள். ஏறக்குறைய 15,000 பேர் வாழ்ந்த தீவுகளில் கடைசியில் ஆயிரம் பேர் அளவில்தான் மிஞ்சினார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. கொல்லப்பட்டவர்கள், பட்டினியில் செத்தவர்கள், படகேறித் தப்பியவர்கள், பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் போக மீதி அவ்வளவுதான்.

அப்புறம் நடந்ததையும் பாருங்கள். தோப்புகளை 68 பங்காகப் பிரித்து டச்சுக்காரர்களிடம் ஒப்படைத்தார்கள். வேலை செய்ய அடிமைகளை இறக்கினார்கள். காயைக் கம்பெனி நிர்ணயித்த விலைக்குக் கம்பெனியிடம்தான் கொடுக்கவேண்டும். நிலம், உழைப்பு, விலை மூன்றும் ஒரே கையில். பின்னாளில் உலகம் முழுக்கப் பார்க்கும் தோட்டப் பொருளாதாரத்தின் அச்சு 1621-லேயே பாண்டாவில் தயாராகிவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

பாண்டா கதைக்கும் நம் ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா ஐயா?

நேரடித் தொடர்பே உண்டு. இந்தோனேசியத் தீவுகளில் மிளகு, கிராம்பு, ஜாதிக்காய் வாங்க வெள்ளியைவிடச் சோழமண்டலக் கரையின் துணிதான் நன்றாகச் செல்லுபடியானது. அதற்காகவே டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் உட்கார்ந்தார்கள். அங்கே அவர்களுடைய கெல்டிரியா கோட்டை 1613 வாக்கில் எழுந்தது. நம் நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்து நெய்த துணி, கிழக்கே போய் நறுமணப் பொருளாக மாறி, ஆம்ஸ்டர்டாமில் ஏலத்துக்கு வந்தது. துணி மட்டும் போகவில்லை. 17-ஆம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில் இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகவும் கப்பலேற்றப்பட்டார்கள். பஞ்சத்தில் பிள்ளையை விற்ற குடும்பங்கள் அதில் உண்டு. பழவேற்காட்டு டச்சுக் கல்லறையைப் படம் எடுக்கப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போகவேண்டும் என்பது என் ஆசை.

பெர்லின் மாநாட்டில் மேஜை மேல் வரைபடத்தை விரித்து, ஸ்கேல் வைத்து ஆப்பிரிக்காவைப் பிரித்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

அப்படியே உண்மையில்லை. 1884 நவம்பர் முதல் 1885 பிப்ரவரி வரை ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் கூட்டிய மாநாடு அது. 14 நாடுகள் உட்கார்ந்தன, ஓர் ஆப்பிரிக்கரும் இல்லை. காங்கோ, நைஜர் ஆறுகளில் கப்பல் போக்குவரத்து, காங்கோ ஆற்றுப் படுகையில் தடையற்ற வணிகம், இனிமேல் ஒரு கடற்கரையை உரிமை கொண்டாடுகிறவர் அங்கே உண்மையில் அதிகாரம் செலுத்தியாக வேண்டும் என்ற விதி ஆகியவைதான் அங்கே எழுதப்பட்டன. எல்லைக்கோடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பின் பத்து இருபது ஆண்டுகளில் இரண்டு இரண்டு நாடுகளாகப் பேசிப் போட்டுக்கொண்டவை. ஆனாலும் மாநாட்டைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 'யார் முந்துகிறார்' என்ற ஓட்டத்துக்கு அது விதிமுறை எழுதிக் கொடுத்தது. அதே மாதங்களில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் காங்கோ உரிமையை வல்லரசுகள் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டன.

காங்கோவில் கைகளை வெட்டினார்கள் என்று படித்தேன். ரப்பருக்காக எதற்குக் கையை வெட்ட வேண்டும்? எனக்குப் புரியவே இல்லை அண்ணா.

காங்கோ சுதந்திர நாடு என்று பெயர் வைத்திருந்தார்கள். 1885 முதல் 1908 வரை அது லியோபோல்டின் சொந்தச் சொத்து மாதிரி. பெல்ஜியத்தைப் போல எழுபது மடங்குக்கு மேல் பெரிய நிலம், அவர் ஒருநாள்கூட அங்கே கால் வைக்கவில்லை. முதலில் ஆணை போட்டார்: 'காலியாக' இருக்கும் நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம். பயிர் வைக்காத காடும் வேட்டை நிலமும் காலி நிலமாகிவிட்டன. அந்தக் காட்டில்தான் ரப்பர்க் கொடி இருந்தது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியதும் ரப்பர் விலை ஏறியது. கிராமத்துக்கு இத்தனை கிலோ என்று அளவு விதித்தார்கள். ஆண்கள் காட்டுக்குப் போய்க் கொண்டுவரும் வரை பெண்களைப் பிணையாக அடைத்து வைத்தார்கள்.

கை வெட்டியது கணக்குக்காக. அளவு கொடுக்காத ஊர்களுக்குச் சிப்பாய்களை அனுப்பினார்கள். தோட்டாவை வேட்டைக்கு வீணடிக்கிறார்களோ என்று வெள்ளை அதிகாரிகளுக்குச் சந்தேகம். செலவான தோட்டாவுக்குச் செத்தவரின் வலது கையைக் காட்டவேண்டும் என்று ஆயிற்று. குறி தவறியவர்களும் வேட்டையாடியவர்களும் உயிரோடு இருந்தவர்களின் கையை வெட்டிக் கணக்கு நேர் செய்தார்கள். 1904-இல் ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற மிஷனரி எடுத்த ஒரு புகைப்படத்தில் என்சாலா என்ற தகப்பன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் அவருடைய ஐந்து வயது மகளின் வெட்டப்பட்ட கையும் காலும். அதைப் பார்த்த பிறகு 'நிர்வாகச் சீர்கேடு' என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை.

இதைக் கண்டுபிடித்ததும் கணக்குதான். லிவர்பூல் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்த எட்மண்ட் மோரெல், ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் சரக்குப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தார். காங்கோவிலிருந்து கப்பல் கப்பலாக ரப்பரும் தந்தமும் வருகின்றன. திரும்பிப் போவதில் பெரும்பகுதி துப்பாக்கியும் தோட்டாவும். வாங்கிய பொருளுக்கு ஈடாக எதுவும் போகவில்லை என்றால் அது வியாபாரமே அல்ல, அடிமை வேலைதான் என்று அந்தத் தாள்களிலிருந்தே முடிவுக்கு வந்தார். பிறகு பிரிட்டிஷ் தூதரக அதிகாரி ரோஜர் கேஸ்மென்ட் நேரில் போய் விசாரித்த அறிக்கை 1904-இல் வெளியாயிற்று. 1908-இல் லியோபோல்டு காங்கோவைப் பெல்ஜிய அரசிடம் ஒப்படைக்க வேண்டி வந்தது. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த எண் கிடையாது, ஏனென்றால் அந்தக் காலத்தில் முறையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. பல இலட்சங்களைத் தாண்டிய பேரழிவு என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

மறைமுக ஆட்சி என்றால் உள்ளூர்த் தலைவர்களையே ஆளவிட்டார்கள் என்றுதானே பொருள்? அது கொஞ்சம் பரவாயில்லைதானே சார்?

வடக்கு நைஜீரியாவில் பிரிட்டிஷ் ஆட்சியாளர் லுகார்டு அப்படித்தான் தொடங்கினார். அங்கே ஏற்கெனவே எமிர்கள் என்ற முஸ்லிம் மன்னர்கள் இருந்தார்கள், வரி வசூல் இருந்தது. அவர்களுக்கு மேலே பிரிட்டிஷ் அதிகாரி உட்கார்ந்தால் போதும், செலவு குறைவு. தென்கிழக்கில் இக்போ மக்களிடம் அப்படி ராஜாக்களே பொதுவாகக் கிடையாது, ஊர்கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். பிரிட்டிஷார் என்ன செய்தார்கள்? ஒரு காகிதத்தைக் கொடுத்துத் தலைவர்களை உண்டாக்கினார்கள். ஊர் தேர்ந்தெடுக்காத ஆள், வரி வாங்கவும் வழக்குத் தீர்க்கவும் அதிகாரத்தோடு வந்து நின்றான்.

1929 நவம்பரில் ஒலோகோ என்ற ஊரில் அப்படிப்பட்ட தலைவரின் ஆள் கணக்கெடுக்க வந்தான். பனம்பழ எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்த நுவான்யெருவா என்ற பெண்ணிடம் ஆடு எத்தனை, ஆட்கள் எத்தனை என்று கேட்டான். ஆண்களுக்கு வரி வந்ததும் இப்படித்தான், எண்ணிக்கொண்டு போன பிறகு. அடுத்தது பெண்களுக்கு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. விதவையான உன் அம்மாவை எண்ணினாயா என்று திருப்பிக் கேட்டார் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. செய்தி சந்தை சந்தையாகப் பரவியது. ஆயிரக்கணக்கான பெண்கள் தலைவர்களின் வீட்டு முன் உட்கார்ந்து பாடி அவமானப்படுத்தினார்கள், நீதிமன்றக் கட்டடங்களை உடைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தத் தலைவர் முறையை மாற்றினார்கள். 'பரவாயில்லை' என்பதை அந்தப் பெண்களிடம்தான் கேட்கவேண்டும்.

குடியேற்றக் காலனி என்பது எதில் வேறுபடுகிறது?

வந்தவர்கள் திரும்பிப் போவதற்காக வருவதில்லை. அல்ஜீரியாவில் 1830-இல் இறங்கிய பிரான்ஸ், 1848-இல் அதைத் தன் சொந்த மாவட்டங்களாகவே அறிவித்தது. ஊர்ப் பொதுநிலத்தைத் தனிப்பட்டாவாக உடைக்கும் சட்டம் 1873-இல் வந்தது, உடைந்த நிலம் குடியேறிகள் கைக்கு எளிதாக மாறியது. முஸ்லிம்கள் மண்ணின் மக்கள், ஆனால் முழுக் குடிமக்கள் அல்ல. 1954-இல் விடுதலைப் போர் தொடங்கியபோது அங்கே ஏறத்தாழ பத்து இலட்சம் ஐரோப்பியர்கள் இருந்தார்கள். போர் அவ்வளவு கொடூரமாக நடந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

என்னதான் சொன்னாலும் ரயில் போட்டுக் கொடுத்தார்களே?

போட்டார்கள். யார் உடம்பின் மேல் போட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பிரெஞ்சு காங்கோவில் பிராஸாவில்லிலிருந்து கடற்கரைக்குச் சுமார் 500 கிலோமீட்டர் பாதையை 1921 முதல் 1934 வரை போட்டார்கள். சாட் நாடு வரை ஆள் பிடித்துக் கட்டாய வேலைக்குக் கொண்டுவந்தார்கள். இறந்தவர்கள் குறைந்தது 17,000 பேர் என்பது பரவலான மதிப்பீடு. பாதை ஊரையும் ஊரையும் இணைக்கவில்லை, சரக்கு இருக்கும் இடத்தைத் துறைமுகத்தோடு இணைத்தது.

ஹைட்டி 1804-லேயே விடுதலை வாங்கிவிட்டதே, பிறகு ஏன் இவ்வளவு வறுமை? இதுதான் நவகாலனியமா?

வறுமைக்குக் காரணங்கள் பல, உள்நாட்டு ஆட்சியாளர்களும் அதில் உண்டு. ஆனால் நவகாலனியத்துக்கு, அதாவது விடுதலைக்குப் பிறகும் பணத்தால் தொடரும் பிடிக்கு, உதாரணமாக ஒரு கடன் கதை இருக்கிறது, அதை விட்டுவிட்டுப் பேசமுடியாது. அடிமைகள் எழுந்து பிரெஞ்சுப் படையை வென்று உண்டாக்கிய நாடு அது. 1825-இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் 14 போர்க்கப்பல்களோடு ஓர் ஆணையை அனுப்பினார். விடுதலையை ஏற்கிறோம், ஆனால் தோட்ட முதலாளிகளுக்கு இழப்பீடாக 15 கோடி பிராங்க் கட்டவேண்டும். முதலாளிகள் இழந்ததில் அந்த மனிதர்களும் அடக்கம்! அதாவது தங்கள் உடம்பின் விலையைத் தாங்களே கட்டவேண்டும். முதல் தவணையான 3 கோடிக்கே பணமில்லை, பாரிஸ் வங்கிகளிடம் கடன் வாங்கினார்கள். 3 கோடிக் கடனில் தரகு பிடித்துக்கொண்டு கைக்கு வந்தது 2 கோடியே 40 இலட்சம். இழப்பீட்டை 1838-இல் 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்ட வாங்கிய கடனையும், அந்தக் கடனை அடைக்க வாங்கிய கடனையும் ஹைட்டி 1947 வரை கட்டிக்கொண்டிருந்தது.

பிரிட்டனிலும் இழப்பீடு முதலாளிகளுக்குத்தான். 1833 அடிமை ஒழிப்புச் சட்டத்தின்படி 2 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள், விடுதலையானவர்களுக்கு ஒரு பைசா இல்லை. அதற்காக வாங்கிய கடனின் கடைசிப் பகுதியைப் பிரிட்டிஷ் வரிப்பணத்திலிருந்து அடைத்தது 2015-இல்.