பரிந்துரைக் கடிதம்: துறைத் தலைவரா, கைடா?

தம்பி, இறுதியாண்டு மெக்கானிக்கல் படிக்கிறீர்கள், ஹார்வர்டின் 2+2 எம்பிஏவுக்கு (படிக்கும்போதே இடம் வாங்கிவிட்டு, சில வருடம் வேலை பார்த்த பிறகு சேரும் திட்டம்) விண்ணப்பிக்கப் போகிறீர்கள், பரிந்துரைக் கடிதத்தைத் துறைத் தலைவரிடம் வாங்குவதா, ப்ராஜெக்ட் கைடிடம் வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், கைடுதான். துறைத் தலைவருக்கு உங்கள் முகம் தெரியும், அவ்வளவுதான். 'ஒழுக்கமான மாணவர், கடின உழைப்பாளி' என்று அவர் எழுதுவதைப் பக்கத்து பெஞ்சுப் பையனுக்கும் அப்படியே எழுதலாம். என் தங்கைக்கு அவளுடைய கைடு என்ன எழுதினார் என்று பிறகு சொன்னார், ஒரே ஒரு சம்பவம்: ரிவ்யூவுக்கு இரண்டு நாள் முன்னால் மோட்டார் எரிந்துபோய், டீமே ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருக்க, இவள் ஆளுக்கொரு வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வேறு மோட்டார் தேடிக் காயலான் கடைக்குப் போனது. அப்படி ஒன்றை நேரில் பார்த்தவர்தான் உங்களுக்கு வேண்டும். மொத்தம் 2 கடிதம் கேட்பார்கள். இன்னொன்றை இன்டர்ன்ஷிப்பில் உங்களை வேலை வாங்கியவரிடம் கேளுங்கள், சின்ன கம்பெனி என்று கூச்சப்படாதீர்கள்.

அப்புறம், கேம்பஸில் கிடைத்த வேலையை விட்டுவிடலாமா என்று கேட்டது. விடாதீர்கள்! இடம் கிடைத்தாலும் குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 4 வருடம் வேலை பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கே போக முடியும். கடைசித் தேதி வழக்கமாக ஏப்ரலில் வரும், அதற்குள் ஜிமேட் அல்லது ஜிஆர்இ நுழைவுத் தேர்வு மதிப்பெண் கையில் இருக்க வேண்டும். அது 5 வருடம் செல்லும், அதனால் இந்த முறை அமையாவிட்டாலும் வீணாகாது. கைடிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள், செமஸ்டர் முடியும் நேரத்தில் பேப்பர் திருத்துவதற்குப் போய்விட்டால் ஆளைப் பிடிக்க முடியாது.