பேனலில் பெயர் விட்டுப்போனால் எதை முதலில் பார்ப்பது?

கேள்வி: குரூப் 4 தேர்வு மூலம் 2018-இல் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். அதே தேர்வில் வந்து, எனக்குப் பின் பணியேற்றவர் பெயர் இந்த ஆண்டு உதவியாளர் பேனலில் (பதவி உயர்வுக்கான பெயர்ப் பட்டியலில்) இருக்கிறது. என் பெயர் இல்லை. துறைத் தேர்வான கணக்குத் தேர்வு முடித்திருக்கிறேன். ஒன்றரை ஆண்டாக ஒரு 17(ஆ) குறிப்பாணை (பெருந்தண்டனைக்கு வழிவகுக்கும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை) நிலுவையில் உள்ளது. இனி எனக்குப் பதவி உயர்வு வருமா?

பதில்: வரும். ஆனால் உங்கள் பெயர் எந்த இடத்தில் தடைபட்டது என்று தெரியாமல் மனு எழுதினால் அது கோப்பிலேயே தூங்கும்.

யார் முன்னால் பணியேற்றார் என்ற கணக்கை விடுங்கள். தேர்வாணையம் வழியாக ஒரே தேர்வில் வந்தவர்களுக்குள் பணிமூப்பை முடிவு செய்வது தரவரிசைதான். இதை இனச்சுழற்சி (இட ஒதுக்கீட்டுச் சுழற்சி) வரிசைப்படி வைக்க 2016-ஆம் ஆண்டு அரசு ஊழியர் பணி நிபந்தனைச் சட்டம் வழிசெய்தது. அந்தப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் ரத்து செய்தது, உச்ச நீதிமன்றமும் 2021-இல் அதை உறுதிப்படுத்தியது. அதன் பிறகு பல துறைகளில் முதுநிலைப் பட்டியல் திருத்தப்பட்டது. கடைசியாகத் திருத்திய பட்டியலில் உங்கள் வரிசை எண்ணையும் அவருடையதையும் பாருங்கள். அவர் மேலே இருந்தால் இந்த ஒப்பீட்டை வைத்து வாதாட முடியாது.

நீங்கள் மேலே இருக்கிறீர்கள் என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது அலுவலகத்தில் ‘குரூஷியல் டேட்’ என்று சொல்லும் நாள். அமைச்சுப் பணி உதவியாளர் பேனலுக்கு இது பொதுவாக மார்ச் 15. அன்றைய நிலவரப்படி தகுதி இருந்ததா என்றுதான் பார்ப்பார்கள். ஏப்ரலில் வந்த தகுதி அடுத்த பேனலுக்கே உதவும். துறைத் தேர்வுகள் ஆண்டுக்கு இருமுறை, மே மாதமும் டிசம்பரிலும் நடக்கின்றன. டிசம்பரைத் தவறவிட்டு மே மாதம் எழுதியவர், தேறினாலும் அந்த ஆண்டு பேனலுக்கு வர மாட்டார். நன்றாகப் படித்தவர்கள்கூட இதில் ஓராண்டை இழப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. உங்கள் துறையின் சிறப்பு விதிகள் கணக்குத் தேர்வோடு அலுவலக நடைமுறை நூல் தேர்வு போன்றவற்றையும் கேட்கின்றனவா என்று விதியையே எடுத்துப் படியுங்கள். பக்கத்து மேசைக்காரர் சொல்வதை நம்ப வேண்டாம்.

தேறியது மட்டும் போதாது; பணிப்பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். தேர்வின் பெயர், எழுதிய மாதம், பதிவெண், முடிவு வெளியான தேர்வாணைய அறிவிக்கையின் எண், நாள், கீழே அலுவலகத் தலைவரின் சான்றொப்பம் – இவ்வளவும் இருந்தால்தான் அது பதிவு. பேனல் கருத்துரு (முன்மொழிவு) தயாரிக்கும் எழுத்தர் எஸ்.ஆரை, அதாவது இந்தப் பணிப்பதிவேட்டைப் பார்த்தே படிவத்தை நிரப்புகிறார். பதிவு இல்லையென்றால் தேர்ச்சிக் கலத்தில் ‘இல்லை’ என்று போய்விடும். பவானிசாகர் அரசுப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்த விவரத்தையும், தகுதிகாண் பருவம் முடித்ததாகப் பிறப்பித்த ஆணையையும் இதேபோல் சரிபாருங்கள். தகுதிகாண் பருவம் என்பது தொடர்ச்சியான 3 ஆண்டுகளுக்குள் 2 ஆண்டுப் பணி. சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் அந்த நாட்கள் கழியும். மகப்பேறு விடுப்பும் தகுதிகாண் பருவத்தில் சேரும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். உங்களுக்கு அது பொருந்துமானால் அதன்பின் வந்த ஆணையைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் விஷயத்தில் பெரும்பாலும் காரணம் அந்த 17(ஆ)தான். வெறும் புகாரோ பூர்வாங்க விசாரணையோ பதவி உயர்வைத் தடுக்காது. குற்றக் குறிப்பாணை பிறப்பிக்கப்பட்ட பிறகே ஒழுங்கு நடவடிக்கை தொடங்குகிறது என்று ஜானகிராமன் வழக்கில் 1991-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்குக் குறிப்பாணையே வந்துவிட்டதால் பெயரை நிறுத்தி வைக்கலாம். கருத்துருவில் உங்கள் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறார்கள் என்பது இங்கே மிக முக்கியம். ‘ஒத்திவைப்பு’ என்றிருந்தால், குற்றச்சாட்டுகளிலிருந்து முழுமையாக விடுவிக்கப்படும்போது உங்கள் இளையவருக்கு (பணிமூப்பில் உங்களுக்குக் கீழே இருப்பவருக்கு) மேலே பழைய இடத்தையே கேட்கலாம். ‘தகுதியில்லை’ என்றிருந்தால் உடனே எழுத்து மூலம் ஆட்சேபியுங்கள்.

இந்தக் குறிப்பைப் பெற, பத்து ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். முதுநிலைப் பட்டியல், மதிப்பிட்ட காலியிட எண்ணிக்கை, உங்கள் பெயருக்கு எதிரான குறிப்பு ஆகிய மூன்றையும் நகலாகக் கேளுங்கள். ‘ஏன் என் பெயர் இல்லை’ என்று கேட்டால், விளக்கம் தர இயலாது என்று பதில் வரும். ஆவண நகல் கேட்டால் அப்படித் தட்டிக்கழிப்பது கடினம்.

அதோடு விசாரணையை முடிக்கச் சொல்லி ஒழுங்கு நடவடிக்கை அதிகாரிக்கு மனுக் கொடுங்கள். ஒழுங்கு நடவடிக்கையை ஆறு மாதத்துக்குள், தவிர்க்க முடியாத நிலையில் ஓராண்டுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று பிரேம் நாத் பாலி வழக்கில் 2015-இல் உச்ச நீதிமன்றம் கூறியதைக் குறிப்பிடுங்கள். ஒன்றரை ஆண்டு என்பது உங்களுக்குச் சாதகம்தான். ஆனால் விளக்கம் தராமல் நாள் கேட்டுக்கொண்டே இருந்தது நீங்கள் என்றால் இந்த வாதம் நிற்காது. விளக்கம் கொடுத்த நாளுக்கு ஒப்புகை கையில் இருக்கட்டும்.

இறுதி ஆணையில் தண்டனை வந்தால், சிறியது என்று விட்டுவிடாதீர்கள். அது நடப்பில் இருக்கும் காலம் முழுக்கப் பேனல் கிடையாது, முடிந்த பின்னும் கடந்த ஐந்தாண்டுப் பதிவைப் பார்ப்பார்கள். ஆணை கிடைத்த இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும்.

மனுக்களுக்கு அசைவே இல்லையென்றால் உயர் நீதிமன்றம்தான். மாநில நிர்வாகத் தீர்ப்பாயம் இப்போது இல்லை. திருச்சி, மதுரை போன்ற மாவட்டங்களுக்கு மதுரைக் கிளை. குறித்த காலத்துக்குள் விசாரணையை முடிக்க உத்தரவிடும்படி கேட்கும் நீதிப்பேராணை மனுவே உங்கள் நிலைக்குப் பொருந்தும். தாமதிக்க வேண்டாம். இளையவருக்குப் பதவி உயர்வு தந்ததை எதிர்ப்பவர் ஆறு மாதத்துக்குள், மிஞ்சினால் ஓராண்டுக்குள் வர வேண்டும் என்று சதாசிவசுவாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதுவும் தமிழ்நாட்டு அரசு ஊழியர் ஒருவர் தொடுத்த வழக்குதான். அதனால் அந்த இளையவர் பதவி உயர்வு ஆணை பெற்ற தேதியை இன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.