எழுந்து பார்த்திருந்தால்

அன்புள்ள ஐயா,

என் தங்கையின் இரண்டு வயது மகன் சென்ற மாதம் தூக்கத்திலேயே இறந்துபோனான். முந்தைய இரவு லேசான காய்ச்சல். மருந்து கொடுத்துப் படுக்கவைத்தாள். காலையில் குப்புறக் கிடந்தான். பிரேதப் பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. காரணமே இல்லாமல் குழந்தை சாகுமா? மூத்தவளுக்குப் பரிசோதனை தேவையா? தங்கை ராத்திரி ஒருமுறை எழுந்து பார்த்திருந்தால் பிழைத்திருப்பானோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

அன்புள்ள நண்பருக்கு,

படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத ஓடவில்லை. காரணம் இருக்கத்தான் செய்யும்; எல்லாம் சோதித்த பிறகும் அது சிக்காமல் போகிற மரணங்கள் உண்டு. ஒரு வயது தாண்டிய பிள்ளைகளில் பெரும்பாலும் நான்கு வயதுக்குள், தூக்கத்தில். குப்புறப் படுத்ததாலா என்பதை விட்டுவிடுங்கள். மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்வது ஒரு வயதுக்குட்பட்ட சிசுக்களுக்கு. இரண்டு வயதுப் பிள்ளை தானே புரண்டு படுக்கும்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். அதை எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? 2024இல் நியூயார்க் ஆய்வாளர்கள் இப்படி இறந்த ஏழு குழந்தைகளின் படுக்கையறைக் கேமரா பதிவுகளை ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவற்றில் சாவுக்குச் சற்று முன் வலிப்பு போன்ற அசைவு தெரிந்தது. ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்காக எந்தத் தாய் விடிய விடிய கண்விழித்திருப்பாள்? (காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே வளர்கிறார்கள். பயந்துவிடாதீர்கள்.)

கேத்லீன் ஃபோல்பிக் என்ற ஆஸ்திரேலியத் தாயைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான்கு குழந்தைகள் ஒவ்வொன்றாக இறந்தன. 2003இல் அவரே கொன்றார் என்று தீர்ப்பு. துக்கத்தில் தன்னையே நொந்து எழுதிய நாட்குறிப்பை எடுத்து, குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள் என்று வாசித்தார்கள். பிறகு இரு மகள்களிடமும் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடிய மரபணு மாற்றம் இருந்தது தெரியவந்தது. 2023இல் விடுதலை, இருபது வருடச் சிறைக்குப் பிறகு. பிள்ளையைப் பறிகொடுத்த எந்தத் தாயும் "நான்தான் காரணம்" என்றுதான் சொல்வாள். அதைப் பிடித்துக்கொண்டு "ஆமாம், நீ பார்த்திருக்கலாமே" என்று கூடப்பிறந்தவரே நினைத்தால் அவள் எங்கே போவாள்? வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள்.

சரி, மூத்தவள். குழந்தைநல மருத்துவரிடம் நடந்ததைச் சொல்லி, இதயத்துக்கு ஈசிஜியும் மரபணு ஆலோசனையும் தேவையா என்று கேளுங்கள். இறந்த பிள்ளையின் திசு மாதிரி சேமிப்பில் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். நீங்களும் கூடப் போங்கள். அந்த ராத்திரி என்ன நடந்தது என்று அங்கே முதலிலிருந்து கேட்பார்கள்; அதைத் தங்கையே சொல்லும்படி விட்டுவிடாதீர்கள்.