கேள்வி – பதில்: மாவுக்கட்டோடு வீட்டில்

கேள்வி: கணுக்கால் எலும்பு முறிந்து, முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாதாம். ஊன்றுகோல் வைத்து நடந்த நான்கே நாளில் அக்குள் புண்ணாகிவிட்டது, கையும் மரத்துப்போகிறது. குடியிருப்பது முதல் மாடி.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கை மரத்துப்போவதையும் மறக்காமல் சொல்லுங்கள். நீங்கள் ஊன்றுகோலில் தொங்கிக்கொண்டு நடக்கிறீர்கள். அக்குளில் எடை விழுந்தால் அந்த வழியாகக் கைக்குப் போகும் நரம்பு நசுங்கும். அப்படியே விட்டால் மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை துவண்டுவிடும். எடை முழுவதையும் உள்ளங்கைதான் தாங்க வேண்டும்.

உயரத்தைச் சரிபாருங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நில்லுங்கள். ஊன்றுகோலின் நுனி பாதத்துக்கு அரை அடி தள்ளி, சற்று முன்னால் இருக்கட்டும். மேல் மெத்தைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி. பிடிக்கும்போது முழங்கை இலேசாக மடங்கியிருந்தால் அளவு சரி. நடக்கும்போது மெத்தையை விலா எலும்போடு சேர்த்து இடுக்கிக்கொள்ளுங்கள். நுனியில் உள்ள ரப்பரையும் திருப்பிப் பாருங்கள். வரிகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் ஈர டைல்ஸில் வழுக்கும். உடனே மாற்றுங்கள்.

மாடிப்படியில் ஒரு கை கைப்பிடிச் சுவரில், இரண்டு ஊன்றுகோலும் மறு கையில். ஏறும்போது முதலில் நல்ல கால், பிறகு ஊன்றுகோல். இறங்கும்போது முதலில் ஊன்றுகோல், அதோடு கட்டுப் போட்ட கால் காற்றில். பிறகு நல்ல கால். துணைக்கு வருபவர் எப்போதும் உங்களுக்குக் கீழ்ப்படியில் நிற்கட்டும். பயமாக இருந்தால் படியில் உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாக ஏறுங்கள், இறங்குங்கள். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வீட்டில் தரைக் கழிப்பறை மட்டும்தான் என்றால், நடுவே ஓட்டையுள்ள கமோடு நாற்காலியை அதன்மேல் போட்டுக்கொள்ளலாம். மருத்துவச் சாதனக் கடைகளில் கிடைக்கும். கால் ரப்பர் நான்கும் சமமாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

கேள்வி: வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு. விரல்கள் வீங்குகின்றன. உள்ளே தாங்க முடியாத அரிப்பு. விளக்குமாற்றுக் குச்சியை விட்டுச் சொறிகிறேன். சமையலுக்கும் வேறு ஆள் இல்லை.
– வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் குச்சியைத் தூக்கிப் போடுங்கள். தோல் கீறினால் வியர்வையும் இருட்டும் சேர்ந்து உள்ளேயே சீழ் பிடிக்கும். நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். குச்சி ஒடிந்து உள்ளே தங்குவதும் உண்டு. முடி உலர்த்தியைக் குளிர்காற்றில் வைத்துக் கட்டின் வாயில் காட்டுங்கள், அல்லது கட்டின்மேல் விரலால் தட்டுங்கள். பவுடர் கொட்ட வேண்டாம், உள்ளே கட்டி தட்டும்.

வீக்கத்துக்குக் காரணம் கையைத் தொங்கவிடுவது. கழுத்திலிருந்து கையைத் தாங்கும் தூளியில் விரல் நுனி முழங்கையைவிட மேலே இருக்கட்டும். படுக்கும்போது கையை இரண்டு தலையணைமேல் வையுங்கள். மோதிரம் இருந்தால் இன்றே கழற்றுங்கள். மணிக்கொரு முறை விரல்களைப் பத்துத் தடவை முழுதாக மூடித் திறங்கள். தினம் மூன்று நான்கு முறை தூளியை அவிழ்த்துக் கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு மணிக்கட்டு சேர்ந்த பிறகு தோள் இறுகிக்கொள்கிறது.

நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு விநாடியில் சிவப்பு திரும்ப வேண்டும். விரல் வெளுத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, சில்லிட்டாலோ, மரத்தாலோ, மாத்திரைக்கும் அடங்காமல் வலி ஏறினாலோ இரவென்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சமையலில், காய் நறுக்கும் பலகையில் துருப்பிடிக்காத ஆணி இரண்டை அடிப்பக்கமிருந்து அடித்து முனை மேலே வரச் செய்யுங்கள். உருளையை அதில் குத்தி இடது கையாலேயே சீவலாம், நறுக்கலாம். பலகைக்கும் பாத்திரத்துக்கும் அடியில் ஈரத்துணி போட்டால் நகராது. கஞ்சி வடிக்கும் வேலையே வேண்டாம். அளவாகத் தண்ணீர் வைத்துக் குக்கரில் சாதம் வையுங்கள், இறக்குவதற்கு யாரையாவது கூப்பிடுங்கள். அரிவாள்மணையை இடது கைப் பழக்கமில்லாமல் தொடாதீர்கள்.

குளிக்கும்போது கட்டின் மேல் விளிம்பில் துண்டைச் சுற்றி, அதற்குமேல் பிளாஸ்டிக் பை இரண்டு மாட்டி, டேப் ஒட்டுங்கள். இறுக்கமான ரப்பர் பேண்ட் கூடாது. கையைத் தொங்கவிட்டால் தண்ணீர் உள்பக்கம் வழியும். ஸ்டூலில் உட்கார்ந்து கையைப் பக்கவாட்டில் வெளியே நீட்டி வையுங்கள். உள்பஞ்சு நனைந்துவிட்டால் காத்திருக்காமல் கட்டை மாற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு சீக்கிரம் ஒட்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: ருசிக்குக் குடியுங்கள். வேகவைத்த தண்ணீரில் இறங்கும் கால்சியம் மிகக் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் உண்டு; கூடவே பால், முட்டை, பருப்பு. சிகரெட் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். எலும்பு சேர்வதை அது தாமதப்படுத்தும்.